பார்க்கிறதுக்கும் காசு கொடுப்போம்

“பார்க்கிறதுக்கு ஆயிரத்தி ஐந்நூறு. வேலைக்கு வேற.”

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் கராஜ் வைத்திருக்கிற பாஸ் இப்படிச் சொன்னபோது எங்கள் நாலு பேருக்கும் கோபம்தான் வந்தது. பட்டா லொறியிலிருந்து பைக்கை இறக்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு ஆணிகூடக் கழற்றவில்லை. அதற்குள் காசா? அதற்கு முன்னால் நாங்கள் ஏறி இறங்கிய மூன்று கராஜ்களில் பார்ப்பதற்கென்று ஒருவரும் ஒரு சதம் கேட்கவில்லையே.

இந்தக் கட்டுரை அந்த 1,500 ரூபாவைப் பற்றியது. அந்த பைக்குக்காக நாங்கள் செலவழித்த காசிலேயே மிகச் சரியாகப் போன காசு அதுதான் என்று இப்போது நினைக்கிறோம். ஏன் என்று சொல்வதற்குக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும்.

பைக் ஒரு ஹொண்டா எம்டி 90. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த வண்டி. பாவித்து முடிந்த பிறகு நம் நாட்டுக்கு வந்து இன்னொரு ஆயுள் ஓடுகிறது. கிளச் பிடிக்கத் தேவையில்லை, பெற்றோல் அதிகம் குடிக்காது, பின்னால் பெட்டி கட்டலாம். எங்களில் ஒருவன் பின்னேரங்களில் சாப்பாடு டெலிவரி செய்துதான் போர்டிங் காசு கட்டுகிறான். அதுவரை இன்னொருவருடைய பைக்கை நாள் வாடகைக்கு எடுத்து ஓடினான்; உழைப்பதில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கே போனது. அவனுக்கு ஒரு பைக் வேண்டும் என்பதுதான் திட்டம். மற்ற மூவருக்கும் கொஞ்சம் ஆசை, கொஞ்சம் திமிர்: கலைப் பீடத்துப் பிள்ளைகளும் ஒரு எஞ்சினைத் திறந்து பார்க்கலாம் என்று காட்ட வேண்டும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியின் கீழே மூடாமல் நின்றது அது. விலை 60,000 ரூபா. மகாபொலவோடு ஒப்பிட்டால் எங்களுக்கு அது பெரிய தொகை.  விற்றவர் உள்ளதை ஒளிக்கவில்லை. “2022இல பெற்றோல் இல்லாமப் போனபோது நிப்பாட்டினது தம்பி. பிறகு எடுக்கவே இல்லை. எஞ்சின் சிக்கிட்டுது போல. புத்தகம் சரியா இருக்கு” என்றார். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் நிறுத்தி, பிறகு தொடாமலே விட்ட பைக்குகள் கொழும்பில் எத்தனையோ படிக்கட்டுகளுக்குக் கீழே தூசி பிடித்து நிற்கின்றன. இது அவற்றில் ஒன்று.

நாங்கள் கிக்கரை மிதித்துப் பார்த்தோம். கல்லை மிதித்த மாதிரி இருந்தது.

முதல் கராஜில் பைக்கைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “எஞ்சினை மாத்துங்க. ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று 85,000க்கு எடுத்துத் தாறன்” என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பையன் கிக்கரில் ஏறி நின்று இரண்டு தரம் குதித்தான். அசையவில்லை. “ரீபோர் பண்ணணும்” என்று தீர்ப்பு வந்தது. மூன்றாவது இடத்தில் கழற்றிப் பார்ட்ஸாக விற்கச் சொன்னார்கள். எங்களில் ஒருத்தி “எதால சிக்கினது என்று எப்பிடி அண்ணன் தெரியும்?” என்று கேட்டாள். பதில் அவளுக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்து, “பழைய பைக் என்றா அப்பிடித்தான் தம்பி” என்றார்கள்.

மூன்று கராஜ், மூன்று தீர்ப்பு. ஒருவரும் பிளக்கைக் கழற்றவில்லை.

நாலாவதாகத்தான் கொட்டாஞ்சேனைக்கு வந்தோம். காசைக் கொடுத்தோம். பாஸ் ஸ்பானரை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார். “ஓடிக்கிட்டு இருந்தப்ப நின்டுச்சா, நின்ட பொறகு புடிச்சுச்சா?”

இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் திறப்பு என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. ஓடும்போது பிடித்த எஞ்சினும் நிற்கும்போது பிடித்த எஞ்சினும் வெவ்வேறு நோயாளிகள். ஓடும்போது பிடிப்பதற்குப் பெரும்பாலும் சூடும் ஒயிலும் காரணம். பிஸ்டன் அலுமினியம்; அது ஓடுகிற சிலிண்டரின் உட்சுவர் இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒயில் குறைந்தால், அல்லது ஒயில் போகிற வழி அடைபட்டால், விரிந்த பிஸ்டன் சுவரில் உரசி, அலுமினியம் உருகி ஒட்டிக்கொள்ளும். அல்லது அடியில் கிராங்கின் பெயாரிங் போயிருக்கும். நிற்கும்போது பிடிப்பது அனேகமாகத் துரு. உள்ளே ஈரம் போய், பிஸ்டன் ரிங்குகளும் சுவரும் ஒன்றாகத் துருப்பிடித்துக் கிடக்கும். முதலாவதில் உள்ளே உடைந்திருக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். “சிக்கிட்டுது” என்கிற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. காய்ச்சல் என்பது நோயின் பெயர் இல்லை என்று அம்மாமார் சொல்வார்களே, அது போலத்தான்.

பிறகு பாஸ் செய்ததை வரிசையாக எழுதுகிறோம். வாசிக்கிறவர்களில் யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு பைக் நிற்கலாம்.

முதலில், சிக்கியது எஞ்சின்தானா என்று பார்த்தார். நியூட்ரலில் போட்டு உருட்டினார்; சில்லு சுற்றியது. ஆகவே பிரேக்கும் செயினும் சரி. கிக்கர் அசையாததை மட்டும் வைத்து எஞ்சின் பிடித்துவிட்டது என்று சொல்லக்கூடாது என்றார். கிக்கருக்கு உள்ளே இருக்கிற பல்சில்லே இறுகியிருக்கலாம். அதன் மேலே ஏறிக் குதித்தால் இல்லாத வருத்தமும் வரும். அந்த இரண்டாவது கராஜ் பையனை நினைத்தபோது எங்களுக்கு வயிறு எரிந்தது.

அடுத்தது பிளக். இரண்டு நிமிஷ வேலை. சிலிண்டருக்குள் பெற்றோலோ தண்ணீரோ நிறைந்திருந்தாலும் எஞ்சின் அசையாது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. காபரேட்டரின் மிதவை ஊசி கசிந்தால் இரவோடிரவாகப் பெற்றோல் இறங்கி நிறையும். வெள்ளத்தில் நின்ற பைக்குகளுக்குத் தண்ணீர். 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகியபோதும், 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் முங்கிய பைக்குகளைப் பலர் அப்படியே உதைத்துத்தான் கெடுத்துக்கொண்டார்கள் என்றார் பாஸ். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியே தள்ளி, ஒயிலை மாற்றியிருந்தால் சில எஞ்சின்கள் அதோடேயே தப்பியிருக்கும். எங்களுடையதில் திரவம் ஒன்றும் வரவில்லை. பிளக்கின் நுனியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிஸ்டன் உருகியிருந்தால் அங்கே அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருக்குமாம். இல்லை. ஆனால் பிளக்கின் புரியில் செம்மஞ்சள் துரு.

மூன்றாவது ஒயில். சுத்தமான ஒரு பேசினுக்குள் வடித்தார். பால்தேத்தண்ணி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுப்பு இருந்தால் உலோகம் தேய்ந்திருக்கிறது. விரலில் தேய்த்தார், ஒரு காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தார். கறுப்பு ஒயில், அவ்வளவுதான். “அடிப்பக்கம் நல்லா இருக்கும்னு நெனைக்கிறேன். நெனைக்கிறேன்னுதான் சொல்றேன்” என்றார்.

நாலாவது, இடப்பக்க மூடியைக் கழற்றி, மெக்னட் சில்லின் நட்டில் ஸ்பானரை வைத்து, நட் கழருகிற பக்கமாக இல்லாமல் இறுகுகிற பக்கமாக மெல்ல அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் அசைந்து பிறகு முட்டினால் உள்ளே ஏதோ உடைந்து குறுக்கே கிடக்கிறது: வால்வாக இருக்கலாம், டைமிங் செயினாக இருக்கலாம். அசையவே இல்லையென்றால் ஒட்டியிருக்கிறது. அசையவே இல்லை. கடைசியாக, போனில் பொருத்துகிற சின்னக் கமராவைப் பிளக் துவாரத்துக்குள் விட்டுக் காட்டினார். சிலிண்டரின் சுவர் சிவந்து கிடந்தது. நாங்கள் நாலு பேரும் முறை வைத்துப் பார்த்தோம். கேள்வி கேட்டவளுக்கு முதலில் காட்டினார்.

பிறகு ஒரு கலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதித் தந்தார். நின்ற இடத்தில் துருவால் பிடித்தது. மேல்பக்கம். அடிப்பக்கம் பிஸ்டன் விட்ட பிறகுதான் தெரியும். மூன்று வரி. மூன்றாவது வரிதான் எங்களை அசத்தியது. தனக்கு இன்னும் தெரியாததையும் எழுதித் தருகிற ஆளை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை, கெம்பஸில்கூட.

அவருடைய வரிசையில் ஒரு ஒழுங்கு இருந்தது என்று பிறகுதான் பிடிபட்டது. செலவில்லாததிலிருந்து செலவுள்ளதுக்கு. பழையபடி பூட்டக்கூடியதிலிருந்து பூட்டமுடியாததுக்கு. முதல் கராஜ் சொன்ன எஞ்சின் மாற்றம் இந்த வரிசையின் கடைசிப் படி; அவர்கள் அங்கேதான் தொடங்கினார்கள். அதோடு, எஞ்சின் இலக்கம் வாகனப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். 85,000 ரூபாவோடு முடிகிற காரியம் இல்லை அது. இதையும் எங்களுக்கு முதலில் சொன்னவர் பாஸ்தான்.

துருவுக்கு மருந்து ஒயிலும் பொறுமையும். ஆனால் எம்டி 90இன் சிலிண்டர் நிமிர்ந்து நிற்பதில்லை, முன்னோக்கிப் படுத்திருக்கிறது. பிளக் துவாரத்தால் ஒயில் விட்டால் கீழ்ச்சுவர் மட்டும் நனையும், மேற்சுவர் காய்ந்தே கிடக்கும். ஆகவே பெற்றோலை வடித்து, பெற்றரியைக் கழற்றி, முன் சில்லை மேலே தூக்கி, பைக்கைப் பின் சில்லில் நிமிர்த்திச் சுவரில் சாய்த்துக் கட்டினோம். துருவிளக்கும் ஒயிலை ஊற்றிவிட்டு ஐந்து நாள் விட்டோம். சந்தால் போன பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். தினமும் பின்னேரம் கொஞ்சம் ஒயில், ஸ்பானரால் மெல்லிய ஒரு அழுத்தம். ஆறாவது நாள் ஒரு நெல்மணி அளவுக்கு அசைந்தது. நாங்கள் கத்திய கத்தலில் மேல்மாடி ஆன்ரி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தா.

இனி ஸ்டார்ட் பண்ணலாமா என்று கேட்டோம். பாஸ் தலையை ஆட்டினார். அசைந்தது என்றால் சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தத் துருத்தூளோடு ஓடவிட்டால் சுவரை அரம் போல அராவும். திறந்தோம். ரிங்குகள் காடிக்குள் இறுகிப்போய், சுவரில் ஒரு பக்கம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. கொன்ரொட்டை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடியது. அது அப்படித்தான் ஆட வேண்டுமாம். அடிப்பக்கம் தப்பியது. கலண்டர் தாளின் மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டார்.

ஆக, கடைசியில் ரீபோர்தான். இரண்டாவது கராஜ் சொன்னது சரியாகப் போய்விட்டது. இதை மறைக்க எங்களுக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இந்தக் கட்டுரையை வாசிக்கிற யாரும் உடனே கேட்கப்போகிற கேள்வி அதுதான்: அப்ப 1,500 ரூபா வீண்தானே?

வீண் இல்லை. இரண்டாவது கராஜ் சொன்னது அதிர்ஷ்டம். அடிப்பக்கத்தில் பெயாரிங் போயிருந்தால், ரீபோர் அடித்துப் புதுப் பிஸ்டன் போட்ட காசெல்லாம் ஒரு மாதத்தில் கரைந்திருக்கும். எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளக்காமல் எந்த அளவுப் பிஸ்டன் என்றும் தெரியாது. 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று படிப்படியாகத்தான் பெரிய பிஸ்டன் வருகிறது; ஒவ்வொரு படியும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு துண்டு. தேவைக்கு மேல் வெட்டினால் அடுத்த முறைக்கு வெட்ட மிச்சம் இருக்காது. எங்களுக்கு 0.50 போதும் என்று அளந்து சொன்னார்கள். பஞ்சிகாவத்தையில் அரை நாள் கடை கடையாக அலைந்து பிஸ்டனை முதலில் வாங்கினோம். பிறகு அந்தப் பிஸ்டனை லேத் கடைக்குக் கொண்டுபோய், அதன் அளவுக்குச் சிலிண்டரை வெட்டினோம். மாறிச் செய்யக்கூடாது. கஸ்கெட், ஒயில், லேத் கூலி, பாஸின் கூலி எல்லாம் சேர்த்து 31,000 ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. ஏன் துருப்பிடித்தது? பிளக்கை யாரோ முன்னமே கழற்றிப் பார்த்துவிட்டு, கையால் மட்டும் பூட்டி விட்டிருந்தார்கள். கடற்காற்று இரண்டு மூன்று வருஷம் அதால் மூச்சு விட்டிருக்கிறது. நீண்ட நாள் நிறுத்துவதென்றால் பிளக் துவாரத்தால் ஒரு கரண்டி ஒயில் விட்டு, இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலைக்கு எஞ்சினைச் சுற்றி, பிளக்கை இறுகப் பூட்டி, மூடி வைக்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியாமல் பார்ட்ஸை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த நீண்ட விடுமுறைக்கு இதே கதை திரும்பவும் நடந்திருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் மெக்கானிக்மார் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த மூன்று கராஜ்களையும் இப்போது திரும்ப நினைக்கும்போது கோபம் குறைந்திருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பைக் வருகிற இடத்தில், இலவசமாக ஒரு மணித்தியாலம் யார் கேள்வி கேட்டு, ஒயிலை விரலில் தேய்த்துக்கொண்டிருப்பார்? பார்ப்பதற்கு நாங்கள் காசு கொடுப்பதில்லை. பார்ட்ஸுக்கும் பூட்டுகிறதுக்கும்தான் கொடுக்கிறோம். அப்படியென்றால் பார்க்காமல் பூட்டுவதுதானே அவர்களுக்குக் கட்டுப்படியாகும்? ஊகத்தை இலவசமாக வாங்குகிறோம். அதன் விலையைப் பிறகு பார்ட்ஸ் பில்லில் கட்டுகிறோம்.

டொக்டரை சனல் பண்ணும்போது நாங்கள் இப்படி யோசிப்பதில்லை. நாலு மணித்தியாலம் காத்திருந்து, ஆயிரக்கணக்கில் கட்டி, ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று அவர் சொன்னால் நிம்மதியாக வீட்டுக்கு வருகிறோம். அந்த “ஒன்றுமில்லை” என்பது அறிவு, அதற்கு விலை உண்டு என்று ஒத்துக்கொள்கிறோம். அதே அறிவு கிரீஸ் பிடித்த கையோடு இருந்தால் அதற்கு விலை இல்லை. அவருடைய கைப்பலத்துக்குக் கூலி கொடுப்போம், மூளைக்குக் கொடுக்கமாட்டோம்.

இது எங்கள் வீடுகளில் இருந்து வந்த பழக்கம். ஓ.எல். சரியாகச் செய்யாத பிள்ளையைத்தான் கராஜுக்கு அனுப்புவார்கள். இதே வீடுகளில்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் கதையைச் சொல்லியும் வளர்த்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்பப் பூட்டிய மனுஷன் அவர். பள்ளிக்கூடப் படிப்பும் பெரிதாக இல்லை. கதை கேட்கும்போது மேதை. அடுத்த வீட்டுப் பையன் அதையே செய்தால் படிப்பு ஏறாத பிள்ளை.

எங்களில் மெய்யியல் படிக்கிறவள் இந்த நேரத்தில்தான் ரொபர்ட் பேர்சிக்கின் ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ புத்தகத்தைக் கொண்டுவந்தாள். 1974இல் வந்தது. மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு 1968இல் அமெரிக்காவுக்குக் குறுக்கே ஓடிய பயணத்திலிருந்து பிறந்த புத்தகம். அவர் ஓடியதும் ஒரு ஹொண்டாதான். தன்னுடைய எஞ்சின் பிடித்த கதையையும் அதில் சொல்கிறார். ஒரு கராஜில் விடுகிறார். அங்கே ரேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் பகிடி விட்டபடி வேலை செய்கிறார்கள், ஒருவரும் நிதானமாகப் பார்க்கவில்லை, திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டி இன்னும் கெடுக்கிறார்கள். காரணத்தைக் கடைசியில் அவரே கண்டுபிடிக்கிறார்: ஒயில் போகிற வழியில் முறிந்திருந்த ஒரு சின்ன ஊசி, விலை 25 அமெரிக்க சதம். நல்ல கதை. ஆனால் அதில் ஒன்று எங்களுக்கு ஒட்டவில்லை. பேர்சிக் அதை அக்கறையின்மையாகப் பார்க்கிறார். மனப்பான்மை சரியானால் வேலை சரியாகும் என்கிற மாதிரி. ஜம்பட்டா வீதிப் பாஸ் அக்கறையோடு பார்த்ததற்கு ஒரு காரணம், அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அவர் முன்கூட்டியே கூலி வாங்கியிருந்தார். அக்கறைக்கும் வயிறு உண்டு.

இன்னொரு பாடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எங்களில் ஒருவனுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 1990இல் சண்டை திரும்பவும் தொடங்கி, பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போன பிறகு, அங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயில் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி ஒயிலையும் தண்ணியாக்கும். ஆகவே எஞ்சின் பிடிப்பது அங்கே சாதாரணம். “ஒயில் ஸ்டிக்கை மணந்து பார்த்தே சொல்லுவம், எவ்வளவு மண்ணெண்ணெய் இறங்கியிருக்கு எண்டு. ஓடேக்க சத்தம் மாறினா உடன நிப்பாட்டிப்போடுவம். மாத்துறதுக்கு பார்ட்ஸ் எங்க கிடந்தது?” என்றார் அப்பா. இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் வாத்தியார், கிளாக்கர், கடைக்காரர் என்று எல்லோருக்கும் கொஞ்சம் எஞ்சின் பார்க்கத் தெரிந்திருந்தது. மாற்றப் பொருள் இல்லாத இடத்தில் பார்க்கத் தெரிந்தே ஆக வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோதும் அதே மாதிரி ஒரு காலம் வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும்வரை, இருக்கிறதைத்தான் ஓட்ட வேண்டும் என்றானது. பழைய பைக்குக்கெல்லாம் மரியாதை வந்தது. இப்போது புது பைக்குகள் காலி வீதியில் வரிசையாக நிற்கின்றன. விலையைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே இன்னும் பல வருஷத்துக்கு எங்களுடைய தலைமுறை ஓடப்போவது பழைய எஞ்சின்களில்தான். பார்க்கத் தெரிவதற்கு இன்னொரு சண்டையோ இன்னொரு தடையோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எங்களுடைய கருத்து இதுதான். கராஜுக்குப் போனால் முதலில், “பார்த்துச் சொல்ல எவ்வளவு?” என்று கேட்போம். கேட்டதைக் கொடுப்போம். கொடுத்தால் பிறகு கேட்க உரிமை உண்டு: என்ன பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள், எது இன்னும் தெரியாது. அதை எழுதி வாங்குவோம். மாற்றிய பழைய பார்ட்டைத் திரும்பக் கேட்போம். கேள்வியைப் பெண்பிள்ளை கேட்டால் பதிலை அவளுக்கே சொல்லச் சொல்வோம்.

ஆட்டோ ஓடி அன்றாடம் உழைக்கிறவரால் பார்ப்பதற்கென்று தனியாக 1,500 கொடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். நாங்களும் பாஸிடம் கேட்டோம். “வேலைய இங்கயே செஞ்சா பில்லுல கழிப்பேன். வேற எடத்துக்குக் கொண்டு போனா அது என்னோட கூலி” என்றார். அது நியாயமாகத்தான் படுகிறது. பிழையான பார்ட்டுக்கு 20,000 கட்டுவதைவிட யாருக்கும் அது மலிவு. வசதியில்லாதவருக்குத்தான் ஊகம் மிகவும் விலை கூடியது. இரண்டாம் தரம் கட்ட அவரிடம் காசு இருக்காது.

பைக் இப்போது ஓடுகிறது. காலையில் கொஞ்சம் புகைக்கும், முன் பிரேக் முனகும், பக்க மூடியில் ஒரு சின்னக் கசிவு இருக்கிறது. டெலிவரிக்காரன் இப்போது வாடகை கட்டுவதில்லை. எங்கள் மூவருக்கும் தர வேண்டிய பங்கை மாதா மாதம் தருகிறான், சில மாதம் சோற்றுப் பார்சலாகத் தருகிறான். கலண்டர் தாளை மடித்து வாகனப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறோம்.

போன கிழமை அந்தக் கசிவைப் பார்க்க ஜம்பட்டா வீதிக்குப் போனோம். பாஸ் கேட்பதற்கு முதலே எங்களில் ஒருத்தி பேர்ஸைத் திறந்தாள். அவர் சிரித்துவிட்டு, ஸ்பானரை அவள் கையில் கொடுத்தார்.

“இன்னைக்கு நீங்க பாருங்க. நான் சொல்றேன்.”